மக்கள் இன்று ரசம் வைத்தார்கள்

எங்கள் நாடு இப்போது ஒரு லாட்ஜின் அறை எண் 204இல் இருக்கிறது. பாத்ரூம் பொது. தாழ்வாரத்தின் கடைசியில்.

எதிரிப் படை உள்ளே வந்த அன்று அரசாங்கம் படகேறி இந்த ஊருக்கு வந்துவிட்டது. மூன்று கட்டில், ஏழு அமைச்சர்கள். நிதித்துறை ஜன்னலோரம். உள்துறை கட்டிலுக்கு அடியில். கடிகாரத்தில் இன்னும் எங்கள் ஊர் நேரம்தான். வெளியே சாயங்காலம் ஆகும்போது நாங்கள் காலை இட்லி சாப்பிடுவோம். முள்ளைத் திருப்பி வைத்தால் நாடு போய்விடும் என்று பிரதமர் அரங்கநாயகம் சொல்லியிருக்கிறார்.

நான் முத்திரைக் காப்பாளன். முத்திரை ஆட்டுக்கல் அளவு இருக்கும். அன்று படகில் அதற்கு இடமில்லை. என் அக்கா தவமணியை இறக்கிவிட்டு அதை ஏற்றினேன். “அடுத்த படகுல வந்துடுக்கா” என்றேன். அடுத்த படகு கிடையாது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தலையாட்டினாள். கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, “வாந்தி வந்தா மோந்து பாத்துக்கடா” என்றாள்.

இந்த ஊர் எங்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தது. எங்கள் நாட்டில் மக்கள் என்று ஒருவராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நாங்கள் அரசாங்கமில்லை, வெறும் லாட்ஜ்வாசிகள். நாடு சட்டப்படி எதிரிக்குப் போய்விடும். இதைச் சரிபார்க்க வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அதிகாரி படிவத்தோடு வருவார்.

மற்றவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள், அல்லது எதிரி கொடுத்த அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அக்கா ஒருத்திதான் மிச்சம். எனவே அரசிதழில் அவளை ‘மக்கள்’ என்றே குறிப்பிடுகிறோம்.

அறைக் குழாயில் காதை வைத்தால் அவள் சமையல்கட்டு கேட்கும். தினமும் கேட்டு எழுதி முத்திரை குத்துவேன். ‘மக்கள் இன்று ரசம் வைத்தார்கள்.’ ‘மக்களுக்கு லேசான இருமல்.’ அமைச்சரவை எழுந்து நின்று கேட்கும். இருமல் வந்த அன்று எனக்கு இட்லி இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை குழாயில் சத்தமே இல்லை. வாட்ச்மேன் கதவைத் தட்டினார்.

“சார், மக்கள் வந்திருக்காங்க.”

அக்கா நின்றாள். முழங்கால் வரை ஈரம். கடலை நடந்தே கடந்திருக்கிறாள். கையில் தூக்குவாளி.

“ரசம் ஆறிடுச்சு” என்றாள்.

பிரதமர் எழுந்தார். “நீங்க அங்கல்ல இருக்கணும்?”

“தனியா இருக்க முடியலைங்க.”

“இப்ப அங்க யாரு இருக்கா?”

“யாருமில்ல. பூட்டிட்டு வந்துட்டேன்.”

கட்டிலுக்கு அடியில் உள்துறை அழ ஆரம்பித்தது.

அப்போதுதான் அதிகாரி வந்தார். பேனாவால் அக்காவைக் காட்டி என்னிடம் கேட்டார்.

“இவங்க யாரு?”

அமைச்சரவை முழுக்க என்னைப் பார்த்தது.

“தெரியலைங்க. பாத்ரூம் தேடி வந்திருப்பாங்க” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓர் அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

“ஆமாங்க” என்றாள் அதிகாரியிடம். “பாத்ரூம் எந்தப் பக்கம்?”

தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு, அவர் காட்டிய பக்கம் நடந்தாள். தாழ்வாரம் அவளுக்கு முன்னால் நீண்டது. அவள் நடக்க நடக்க நீண்டது. அதிகாரி ‘மக்கள்: உள்ளனர்’ என்று எழுதினார். நான் முத்திரை குத்தினேன்.

அவள் இன்னும் போய்ச் சேரவில்லை. அமைச்சர்கள் கீழ்மாடியில் குளிக்கிறார்கள்.

சொந்தக்காரர் யாராவது முறை சொல்லிக் கூப்பிட்டால் தாழ்வாரம் பழையபடி சுருங்கிவிடுமாம். லாட்ஜ் விதி என்று வாட்ச்மேன் சொன்னார். ஒரே ஒரு சொல்தான். தினமும் வாசலில் நின்று வாயைத் திறக்கிறேன். பின்னால் ஏழு அமைச்சர்களும் இட்லி மெல்லுவதை நிறுத்துகிறார்கள். நான் பல் குச்சியை வாயில் வைத்துக்கொள்கிறேன்.

இன்றும் அப்படித்தான் நின்றேன். வெகு தூரத்தில் அவள் இருமுவது கேட்டது.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். ‘மக்களுக்கு லேசான இருமல்’ என்று எழுதினேன். அமைச்சரவை எழுந்து நின்றது.