நீலத் துதிக்கை

எங்கள் பல்கலைக்கழக வானியல் மன்றத்துக்குத் தொலைநோக்கிகள் மூன்று, கேமராக்கள் இரண்டு, தாங்கி ஒன்று. வானம் நகர நகரக் கூடவே திரும்பும் மோட்டார் தாங்கி அது. அதில் ஏற்றாமல் எடுத்தால் நட்சத்திரங்கள் லக்மான் நூடுல்ஸ் மாதிரி நீண்டு கிடக்கும். ஆகவே மன்றத்தின் அரசியல் முழுவதும் அந்தத் தாங்கியின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

இந்த இலையுதிர்காலம் பூராவும் அதில் எந்தக் கேமரா ஏறும் என்பதை ஜூரா எஜே வியாழக்கிழமை சொல்வதாக இருந்தது. அவர்தான் மன்றத்தின் பொறுப்பாசிரியை. எங்கள் ஊரில் ஆசிரியையும் அக்காதான், அதனால் எஜே. தோற்ற கேமரா அலமாரிக்குள் போகும். அதன் ஆளும் கூடவே போவான் என்பது யாரும் சொல்லாத, எல்லாருக்கும் தெரிந்த விதி.

வண்ணக் கேமராவின் ஆள் தாலாய். கறுப்பு வெள்ளைக் கேமராவின் ஆள் நான், எசென். இருவரும் மூன்றாம் ஆண்டு இயற்பியல். முதலாம் ஆண்டில் ஒரே அறையில் இருந்தோம். மூன்று மாதத்தில் விடுதிக் காப்பாளரே எங்களை வேறுவேறு மாடிக்கு மாற்றினார்.

"உலகமே கலர்ல பாக்குது. இவன் மட்டும் கறுப்பு வெள்ளைதான் வேணும்னு அழுது வாங்கினான்" என்று தாலாய் மன்றக் கூட்டத்தில் எழுந்து சொன்னான். "அடுத்து என்னடா, கரித்துண்டுல வரைஞ்சு தருவியா?"

"உன் கேமராவுல ஒரு புள்ளிக்கு ஒரு கலர்தான் தெரியும். மிச்ச ரெண்டையும் பக்கத்துப் புள்ளியப் பாத்து எழுதிக்கும். நீ பரீட்சை எழுதுற மாதிரியே."

இதில் முதல் பாதி அறிவியல். வண்ணக் கேமராவில் ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். கறுப்பு வெள்ளையில் அது கிடையாது. வருகிற வெளிச்சம் அத்தனையும் ஒவ்வொரு புள்ளிக்கும் போகும், அதனால் மங்கலான நெபுலாவின் நூலிழைகூடத் தெரியும். நிறம் வேண்டுமென்றால் முன்னால் நான்கு துளையுள்ள ஒரு ஃபில்டர் வட்டு வைத்து, முதலில் வெறும் ஒளி, பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று நான்கு முறை தனித்தனியாக எடுத்து, கணினியில் சேர்க்க வேண்டும். நான்கு மடங்கு வேலை. நான்கு மடங்கு கர்வமும் உண்டு. அதைக் கையேட்டில் போடுவதில்லை.

போட்டிக்கு எஜே ஒரே இலக்கைக் கொடுத்தார்: சீஃபியஸ் நட்சத்திர மண்டலத்தில் உள்ள யானைத்துதிக்கை நெபுலா. சிவந்த வாயு மேகம், அதற்குள் துதிக்கை போல ஓர் இருட்டு, விளிம்பில் மாதுளை முத்து நிறத்தில் ஒரு நட்சத்திரம். சனி இரவு தாலாய்க்கு, ஞாயிறு இரவு எனக்கு.

"ஒருத்தன் எடுக்கறப்ப இன்னொருத்தன் குறிப்பேடு எழுதணும். அப்பத்தான் ரெண்டு பேரும் ஒழுங்கா இருப்பீங்க" என்றார் எஜே. இருபத்தாறு வருடம் இயற்பியல் நடத்தியவர். பொருள்களின் நடத்தை அவருக்கு நன்றாகத் தெரியும்.

பிஷ்கெக்கில் இருந்து சூசாமிர் பள்ளத்தாக்குக்கு மன்றத்தின் பழைய ரஷ்ய வேனில் ஐந்து மணி நேரம். வட்டின் துளைகளில் ஃபில்டர்களை முந்தின நாளே விடுதி அறையில் கையுறை போட்டு நானே மாட்டியிருந்தேன். அந்த வட்டு இருந்த பெட்டியை வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தேன். கணவாய்ச் சுரங்கத்தில் இருட்டியபோது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அதுல என்னடா, உன் தாத்தாவோட அஸ்தியா?" என்றான் தாலாய்.

"உன் கைபடாத ஒரே பொருள் இந்த மன்றத்துல இதுதான். அப்படியே இருக்கட்டும்."

சனி இரவு அவன் எடுத்தான். ஒரு கேமரா, ஒரு பொத்தான், கூடாரத்துக்குள் குறட்டை. நான் குறிப்பேட்டில் முறையாக எழுதினேன்: வானத்தின் நிலை, நன்று. எடுப்பவர் நிலை, உறக்கம். காலையில் எஜே அதைப் படித்துவிட்டு மூடி வைத்தார்.

ஞாயிறு என் முறை. இதுதான் கறுப்பு வெள்ளையில் எனக்கு முதல் இரவு என்பதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வெறும் ஒளியில் இரண்டு மணி நேரம். பிறகு வட்டைத் திருப்பி, குவியத்தை மறுபடி சரிசெய்து, இரண்டாம் துளை. ஃபில்டர் மாறினால் குவியமும் மயிரிழை மாறும், அதனால் ஒவ்வொரு தடவையும் விரல் விறைக்க விறைக்கத் திருக வேண்டும். திரையில் வருவதெல்லாம் சாம்பல். சிவப்பும் சாம்பல், பச்சையும் சாம்பல். நட்சத்திரம் கூர்மையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

"இரண்டாம் துளை, சிவப்பு. மூணு நிமிஷம், இருபத்தஞ்சு படம். எழுது" என்றேன்.

தாலாய் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுதினான். ஒரு வார்த்தைக்குப் பதில் நாலு வரி எழுதுகிற மாதிரி இருந்தது. படம் வரைகிறான் என்று நினைத்தேன். அன்று இரவு முழுக்க அவன் என்னைத் திட்டவே இல்லை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே பிராணவாயு குறைவு, அதனால்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் தொலைநோக்கியின் வாயில் வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி வெற்று வெளிச்சத்தைப் படமெடுக்க வேண்டும். கண்ணாடியில் இருக்கும் தூசியின் நிழலைக் கணினியில் கழிப்பதற்கு அதுதான் வழி. பனியனைப் பிடிக்கும் வேலை உதவியாளனுடையது.

"இன்னும் எத்தன தடவடா பிடிக்கணும்?"

"ஃபில்டருக்கு ஒரு தடவ. மொத்தம் நாலு."

"என் கேமராவுக்கு ஒரு தடவ போதும்."

"உன் கேமராவுக்கு அதுவே ஜாஸ்தி."

செவ்வாய் மாலை விடுதியில் எல்லாவற்றையும் கணினியில் சேர்த்தேன். வெறும் ஒளியில் எடுத்தது அபாரம். துதிக்கையின் ஓரத்தில் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. பிறகு நிறத்தை ஏற்றினேன்.

யானை நீலமாக இருந்தது.

சுற்றியிருந்த மேகம் நீலம். மாதுளை நட்சத்திரம் எரிவாயு அடுப்புச் சுடர் மாதிரி நீலம். சிவப்பு ஃபில்டரும் நீல ஃபில்டரும் இடம் மாறியிருந்தால்தான் இப்படி வரும். நான் மாட்டியது சரி. ஏனென்றால் மாட்டியது நான். ஆகவே மாற்றியது யார் என்பதில் எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

ஐந்தாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். தாலாய் பொதுச் சமையலறையில் வாணலி கழுவிக்கொண்டிருந்தான்.

"எப்படா மாத்தின?"

"எத?"

"ஃபில்டர. நான் தேநீர் எடுக்கப் போனப்பவா?"

அவன் வாணலியைக் கவிழ்த்து வைத்தான். "நீ தேநீர் எடுக்கப் போகவே இல்ல. என்னைத்தான் எடுத்துட்டு வரச் சொன்ன. துரை மாதிரி."

"அப்ப மாத்தினது நீ இல்லன்னு சொல்றியா?"

"உன் பொருளத் தொட்டா கை கழுவணும். நான் ஏன் தொடறேன்?"

"எஜேகிட்ட எழுதிக் கொடுக்கப்போறேன்."

"கொடு. எழுத்துப்பிழை இல்லாம கொடு."

புதன் காலை கொடுத்தேன். 'மேற்படி தாலாய் என்பவர், போட்டியில் தமக்கு நேரவிருக்கும் தோல்வியை முன்கூட்டியே உணர்ந்து, உள்நோக்கத்துடன் ஃபில்டர்களை இடம் மாற்றியுள்ளார்' என்று தொடங்கும் ஒன்றரைப் பக்கம். நிரூபணமானால் அவனை மன்றத்தை விட்டே நீக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். குறிப்பேட்டை இணைக்கவில்லை. அதை நான் திறந்தே பார்க்கவில்லை. அவன் கையெழுத்தைப் படிக்கிற அளவுக்கு நான் தாழ்ந்துவிடவில்லை.

புதன் மாலை வட்டைக் கழற்றித் துடைத்தபோதுதான் பார்த்தேன். நான்கு துளைகளின் எண்களும் வட்டின் ஒரு பக்கத்தில் பொறித்திருந்தன. நான் மாட்டியது மறுபக்கத்தில் இருந்து. எண் தெரியாததால், ஓரத்தில் இருந்த வெட்டை முதல் துளைக்கு அடையாளமாக வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் ஒளி, சிவப்பு, பச்சை, நீலம் என்று போட்டிருக்கிறேன். வட்டைத் திருப்பிப் பார்த்தால் அதே வரிசை எதிர்த்திசையில் ஓடுகிறது. ஒன்றும் மூன்றும் தப்பித்துவிட்டன. இரண்டும் நான்கும் இடம் மாறிவிட்டன.

மாற்றியது நான்.

படத்தைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆனது. கணினியில் சிவப்பு என்றிருந்ததை நீலம் என்றும், நீலம் என்றிருந்ததைச் சிவப்பு என்றும் பெயர் மாற்றினேன். அவ்வளவுதான். யானை சிவந்தது. நட்சத்திரம் பழுத்தது. தாலாயின் படத்தை இதன் பக்கத்தில் வைத்தால் தேநீர் கொட்டிய துணி மாதிரி இருக்கும்.

புகாரைத் திரும்ப வாங்க எஜேயின் அறை வரைக்கும் போனேன். பூட்டியிருந்தது. அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. அழைக்கவில்லை. இரண்டு வெற்றி கையில் இருக்கும்போது ஒன்றைத் தூக்கிப் போடுவானேன் என்று இருந்தது.

வியாழக்கிழமை காலை எஜே தம் அறை மேசையில் இரண்டு படங்களையும் வைத்து, கண்ணாடியைக் கழற்றி, நெருங்கிப் பார்த்தார். பார்வை என் படத்தில்தான் அதிக நேரம் நின்றது. தாலாய் சுவரோரம் கைகட்டி நின்றான்.

"படம் நல்லா வந்திருக்கு எசென். நீலமா வந்துச்சுன்னு எழுதியிருந்த?"

"சரிபண்ணிட்டேன் எஜே. பேரு மாத்தினாப் போதும்."

"அப்ப பாதிப்பு ஒண்ணுமில்ல. புகார் நிக்குதா?"

அறையில் இருந்த இரண்டு பேருமே என்னைப் பார்த்தார்கள்.

"நிக்குது எஜே."

"சரி." அவர் ஒன்றரைப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டார். "பெட்டி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்ட."

"வண்டியில?"

"மடியில."

"கணவாயில வண்டிய நிறுத்தினப்ப கக்கூசுக்கும் தூக்கிட்டுப் போனான் எஜே" என்றான் தாலாய். "வெளிய ஒரு கிழவி, உள்ள என்ன தம்பி பாலாடைக்கட்டியான்னு கேட்டா."

"உன்ன நான் கேக்கல." எஜே குறிப்பேட்டைத் திறந்தார். பக்கத்தைக் கண்டுபிடித்துச் சத்தமாகவே படித்தார்: "'பத்து நாற்பது. இரண்டாம் துளை, சிவப்பு என்கிறான். மாதுளை நட்சத்திரம் மங்கல். நெபுலா அநேகமாக இல்லை. இது நீலம். வட்டைத் தலைகீழாகப் பார்த்து மாட்டியிருக்கிறான். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.'"

குறிப்பேட்டை மேசையில் விரித்தே வைத்தார்.

"சிவப்புன்னு நீ எடுத்த முதல் படத்துலயே இப்படி இருந்திருக்கு" என்றார் எஜே என்னிடம். "அதுவரைக்கும் பெட்டி உன் மடியில. எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை.

"நேத்து சாயங்காலம்."

"இப்ப நிக்குதுன்னு சொன்னது?"

"அது... இன்னிக்குக் காலையில."

தாலாய் சிரித்தான். எஜே அவன் பக்கம் திரும்பியதும் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீ நாலு மணி நேரம் பாத்துட்டே இருந்திருக்க."

"எழுதினேனே எஜே."

"எழுதின. வாய் எதுக்கு இருக்கு? மூணு வருஷமா இந்தக் கட்டடத்துல உன் சத்தம்தான கேக்குது."

அவன் தரையைப் பார்த்தான். எஜே என் புகாரை நான்காக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. அவ்வளவு நீளமாக எழுதியதற்கு அந்த ஒரு பயன்.

"தாங்கியில கறுப்பு வெள்ளை ஏறும்" என்றார்.

எனக்கு உள்ளே ஏதோ துள்ளியது. அதை முகத்துக்கு வரவிடுவதற்குள் அவர் தொடர்ந்தார்.

"தாலாய் எடுப்பான்."

"எஜே!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"சாம்பல் படத்தப் பாத்தே இது எந்த ஃபில்டர்னு அவன் சொல்லிட்டான். நீ ராத்திரி பூரா பாத்தும் உனக்குத் தெரியல. அந்தக் கேமராவுக்குக் கண்ணுதான் முக்கியம், ஆசை இல்ல."

"அந்தக் கேமராவ நான் மூணு மாசமா திட்டிட்டிருக்கேன் எஜே" என்றான் தாலாய். உண்மையிலேயே கலங்கியிருந்தான்.

"இனிமே கிட்ட இருந்து திட்டு. குறிப்பேடு எசென் எழுதுவான். இன்னிக்கு எம் முன்னாடி பொய் சொன்னதுக்கு, நீ எழுதற ஒவ்வொரு வரிக்குக் கீழயும் தாலாய் கையெழுத்து இருக்கணும். பனி விழற வரைக்கும்."

"அவன் என் கூட வந்தா நான் போகமாட்டேன்" என்றேன்.

"போகாத. அலமாரியில இடம் இருக்கு."

வராந்தாவுக்கு வந்தோம். கேமராப் பெட்டியை அவன் கையில் கொடுத்தேன். கொடுத்தேன் என்பது மரியாதைக்கு. கைப்பிடியை அவன் இழுத்தான், நான் கொஞ்ச நேரம் கழித்து விட்டேன். அதை ஏதோ செத்த எலி மாதிரி உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டான்.

"குவியம் ஒவ்வொரு ஃபில்டருக்கும் மாறும். மறந்துடாத" என்றேன்.

"நீ எனக்குச் சொல்லித் தராத."

"சொல்லித் தரல. எனக்கு அந்தக் கேமரா கெட்டுப்போகக் கூடாது."

"எனக்குக் கெட்டுப்போனாக் கவலை இல்ல. அதனாலதான் எனக்குக் கொடுத்திருக்காங்க." கேமராவை இயக்கும் மடிக்கணினியைச் சன்னல் திட்டில் வைத்துத் திறந்தான். "பாஸ்வேர்டு சொல்லு."

நான் அங்கிருந்து போய்விடலாமா என்று யோசித்தேன்.

"டேய், பாஸ்வேர்டு."

"தாலாய்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "என்னடா?"

"உன்னக் கூப்பிடல. அதான் முதல் வார்த்தை. அடி."

அடித்தான். "அப்புறம்?"

"ஒரு."

"ம்."

"கழுதை. எல்லாம் சேர்த்து, இடைவெளி இல்லாம. கடைசியில ரெண்டு."

"ரெண்டு எதுக்கு?"

"முதல் பாஸ்வேர்டு காலாவதி ஆயிடுச்சு."

முகத்தில் ஒன்றும் அசையாமல், ஒற்றை விரலால், ஓர் எழுத்துக்கூட விடாமல் அடித்தான். திறந்தது. உடனே அமைப்புக்குள் போய்க் கடவுச்சொல்லை மாற்றினான். திரையை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டதால் என்ன அடித்தான் என்று தெரியவில்லை. நீளமாக இருந்தது.