விருந்துக்கு டின்மீன்

அக்கரையிலிருந்து, நாகப்பட்டினத்துப் பக்கத்து மீனவர்கள் ஐந்து பேர் பேச்சுவார்த்தைக்கு வருகிறார்கள், மத்தியானச் சாப்பாடு எங்கள் சங்கத்தின் பொறுப்பு என்று நீக்கிலாப்பிள்ளை அண்ணை சொன்னபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தொண்டைமானாற்றில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர். பேசுவதற்கு ஆண்கள், சமைப்பதற்குப் பெண்கள். சமையலுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்.

"பாரை, சீலா, நண்டு, இறால் ஒண்டுக்கும் குறை இருக்கக்கூடாது கமலாவதி. எங்கடை கரையின்ரை மானம்" என்றார்.

"கடலிலை கிடந்தால்தானே அண்ணை" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. இந்த வருடம் எங்கள் வலையை இரண்டு முறை றோலர்கள் அறுத்துக்கொண்டு போயிருந்தன. றோலர் என்பது அக்கரையிலிருந்து வரும் இழுவைப்படகு. கடலின் அடியையே வழித்துக்கொண்டு போகும். மீன், குஞ்சு, பாசி, எங்கள் வலை எல்லாம் அதற்கு ஒன்றுதான். மூன்றாவது வலையும் போனால் படகை விற்றுவிட்டு மேசன் வேலைக்குப் போவேன் என்று என் புருஷன் கதிரவேலு சொல்லிவிட்டார். கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன் சீமெந்து குழைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடல் யாருடையது என்று சங்கத்தில் எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறார்கள். என் கணக்கு சுருக்கமானது. இரண்டு கரைக்கும் நடுவில் இருப்பது ஒடுங்கிய கடல். என் மாமனார் காலத்தில் அந்தப் பக்கம் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தார்கள். பிறகு சண்டை வந்தது, எங்களுக்குக் கடலில் இறங்கத் தடை. நாங்கள் கரையில் குந்தியிருந்த வருடங்களில் அவர்கள் இங்கே வந்து பழகிவிட்டார்கள். இப்போது நாங்கள் இறங்கினால், தங்கள் வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டது போல எங்களைப் பார்க்கிறார்கள்.

கூட்டம் வைத்த கிழமை முழுவதும் எங்கள் படகுகள் வெறுமனே திரும்பின. நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு முகம் விழுந்துவிட்டது.

"முல்லைத்தீவிலை சொல்லி மீன் எடுப்பிப்பம். இல்லாட்டி சந்நிதி முருகன் கோயிலிலை விசேஷம், ஊரெல்லாம் விரதம் எண்டு சொல்லி மரக்கறி போடுவம்."

அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். முருகனுடைய விரதத்தை அறிவிப்பது அவருக்குச் சுலபம்.

"சந்நிதியான்ரை பேரிலை பொய் சொல்ல என்னாலை ஏலாது. எங்கடை கடல் இந்தக் கிழமை தந்ததைத்தான் வைப்பன்" என்றேன். நான் எங்கேயோ மீனுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று நினைத்து அவர் சந்தோஷமாகப் போனார்.

குசினியில் நான் கடையிலிருந்து வாங்கி அடுக்கியிருந்த டின்மீனை, தகரத்தில் அடைத்த மீனைக் கண்டதும் கதிரவேலுதான் முதலில் வெடித்தார்.

"உனக்கென்ன விசரே? அவங்கடை கரையிலை சோறு திண்டனியெல்லே."

உண்மைதான். பத்து வயதில் சண்டைக்குப் பயந்து வள்ளத்தில் போய்க் கோடியக்கரையில் இறங்கிய அன்று, யாரென்றே தெரியாத ஒரு பெண் எனக்குச் சுடுசோறும் மத்திமீன் குழம்பும் தந்தாள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதை மறந்திருந்தால் வந்தவர்களுக்குச் சோறே போட்டிருக்க மாட்டேன்.

கூட்டம் காலையில் தொடங்கியது. கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். சகோதரம், தொப்புள்கொடி என்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொன்னார்கள். அறுந்த வலையைப் பற்றிப் பேச எங்கள் ஆள் ஒருவர் எழும்ப, அதைச் சாப்பிட்ட பிறகு கதைப்பம் என்று நீக்கிலாப்பிள்ளை அண்ணை இருத்திவிட்டார். சாப்பிட்ட பிறகு போட்டோ எடுப்பார்கள், வாகனம் ஏறுவார்கள். வலை எங்கே கதைக்கப்படும்?

இலை போட்டோம். முருங்கைக்காய்க் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, நடுவில் டின்மீன் குழம்பு. அக்கரைக்காரரின் தலைவர் அஞ்சப்பன் என்ற அறுபது வயதுக்காரர். ஒரு துண்டை வாயில் வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன மீன்மா? முள்ளு மாவா கரையுது."

"டின்மீன் ஐயா. சீனாவிலை இருந்து வந்தது."

"கடக்கரையில டின்மீனா?"

நீக்கிலாப்பிள்ளை அண்ணை என்னைப் பார்த்த பார்வைக்கு வேறொருத்தி என்றால் உள்ளே ஓடியிருப்பாள். நான் குழம்புச் சட்டியோடு நின்றேன்.

"முந்தி ஒரு நாளும் இப்பிடி இல்லை. இந்தக் கிழமை எங்கடை கடல் ஒண்டும் தரேல்லை. ரெண்டு வலையும் உங்கடை றோலரோடை போயிட்டுது. மூண்டாவதும் போனால் என்ரை மனுசன் படகை விக்கப்போறார். பொம்பிளையள் எங்களைக் கதைக்கக் கூப்பிடேல்லை ஐயா. அதுதான் சொல்ல இருந்ததைக் கறியிலை வைச்சனான்."

அஞ்சப்பன் எழும்பிப் போவார் என்று நினைத்தேன். அவர் மிச்சச் சோற்றைப் பிசைந்து, குழம்பு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

"எங்க பக்கமும் மீன் இல்லம்மா. அடி வரைக்கும் நாங்களே வழிச்சிட்டோம். இருந்தா நேவிக்குப் பயந்துகிட்டு இங்க ஏன் வர்றோம்?"

அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இத்தனை நாள் பொத்திவைத்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அந்த மத்திமீன் குழம்புதான் ஞாபகம் வந்தது. அந்தக் கடலும் போய்விட்டதா என்று மனசு கனத்தது.

அவர் கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்தப் படகு எதுவும் என்னுது இல்லம்மா. மொதலாளிங்க கடலுக்கு வர்றதே இல்ல. அடுத்த கூட்டம் நாகப்பட்டினத்துல. நீ வந்து அவங்க முன்னால இதையே சொல்லு."

"அதைச் சங்கம் கூடித்தான் முடிவெடுக்க வேணும்" என்று நீக்கிலாப்பிள்ளை அண்ணை இழுத்தார்.

"அவ வருவா" என்றார் கதிரவேலு. காலையிலிருந்து அவர் அந்தக் கூட்டத்தில் பேசிய முதல் வார்த்தை அது. "அதுவரைக்கும் நான் படகை விக்கேல்லை."

நான் அஞ்சப்பனிடம் கேட்டேன்.

"உங்கடை ஊரிலை டின்மீன் விக்குமோ ஐயா?"

"அத அங்க யாரு வாங்குவா?"

"அப்ப நானே கொண்டு வாறன்."

அவர் சிரிக்கவில்லை.

"கொண்டு வாம்மா. மொதலாளிங்க எலையில நானே வைக்கிறேன்."