நிலவறைப் பதிவு

"நான் அழிக்கல டாக்டர், கை பட்டு ஏதோ..."

"கை பட்டு அழிஞ்சா சத்தமே இருக்காது, உம்மு சினான். இதுல யாரோ ஓதிக்கிட்டு..."

"ஓதுறது குத்தமா? மொசூல்ல இப்ப ஓதுறதும் குத்தமாயிடுச்சா?"

"ஓதுறத யாரு குத்தம்னா? உங்க புள்ள பேசினதுக்கு மேலேயே பதிஞ்சிருக்கீங்களே, அதத்தான் கேக்குறேன்!"

மேசைமேல் அந்தச் சின்ன ஒலிப்பதிவுக் கருவி கிடந்தது. கைப்பேசிக்குள் யாரோ ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்பதாக நம்பிய சினான் அதைத் தொடவே மாட்டான். அதனால் டாக்டர் நிப்ராஸ் தன் சொந்தக் கருவியைக் கொடுத்திருந்தாள். அதில் இருந்ததற்கு வேறு நகல் கிடையாது.

சினானுக்கு இருபத்திரண்டு வயது. நான்கு வருடமாக அவன் காதுக்குள் ஒரு குரல். 'நீதான் தங்கச்சிய கொன்ன' என்பதைத் தவிர அதற்கு வேறு பேச்சில்லை. மாத்திரைகள் அதன் தொண்டையைக் கொஞ்சம் நெரித்தன, அடக்கவில்லை. முற்றுகை நாளில் நிலவறையில் நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோலவே சொல்ல வேண்டும். சொன்னதைப் பதிந்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கேட்கக் கேட்க அந்த நாளின் பல் மழுங்கும். இதுதான் நிப்ராஸின் வைத்தியம். பதினாறு வாரத்தில் இது எட்டாவது.

"கெட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டா அது வீட்டுலயே குடியேறிடும்னு முல்லா சொன்னாரு" என்றாள் சினானின் தாய் கௌலா. "அதான் அதுமேல ஓதித்தரச் சொன்னேன்."

"அவரு கேட்டாரா, இதுல என்ன இருந்துச்சுன்னு?"

"யாரும் கேக்கல."

"நீங்க?"

கௌலா கறுப்பு அங்கியின் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இவன மாதிரி புள்ளைங்ககிட்ட பழச கிளறக்கூடாதுன்னு உங்க பெரிய டாக்டரே சொல்லியிருக்காரு. இன்னையோட போதும். எந்திரிடா, போலாம்."

சினான் எழவில்லை. "முல்லாவுக்கு நல்ல குரல் டாக்டர்" என்றான். "காதுக்குள்ள இருக்கறவனுக்கே புடிச்சுப்போச்சு. கூட சேந்து ஓதுறான்."

நிப்ராஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு முகம் சுருங்கியது. "போன வாரம் அவன் முணுமுணுத்துக்கிட்டுதான் இருந்தான் உம்மா. பதிவு போனதுலேர்ந்து திரும்பக் கத்துறான். நான் மறுபடி சொல்றேன். நீயும் இரு."

"நான் வெளிய நிக்கிறேன். எனக்கு மூச்சு முட்டுது."

"இரு உம்மா. நீயும்தான அங்க இருந்த?"

பாதி எழுந்த கௌலா மறுபடி உட்கார்ந்தாள்.

"பயம் நூத்துக்கு எவ்வளவு சினான்?" என்று கேட்டாள் நிப்ராஸ்.

"எண்பது."

"எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்." அவள் பொத்தானை அழுத்தினாள்.

"நிலவறைல இருக்கேன். பதிமூணு பேரு இருக்கோம். தலைக்கு மேல, எங்க வீட்டுக்குள்ள, ஆளுங்க நடக்குறாங்க. பூட்ஸ் சத்தம். கைக்குழந்தை, தங்கச்சி ஜுமானா என் மடில. பால் இல்ல, அழப்போறா. 'வாயப் பொத்து, எல்லாரையும் கொன்னுடுவாங்க'ன்னு இருட்டுல ஆளாளுக்குச் சொல்றாங்க. நான் கைய வைக்கிறேன்."

"கைல என்ன தெரியுது?"

"அவ மூச்சு. சூடா இருக்கு. லேசாத்தான் வச்சிருக்கேன். பூட்ஸ் சத்தம் வாசல் பக்கம் போகுது. நான் எடுக்கப் பாக்குறேன். எடுக்க முடியல."

"நிறுத்துங்க டாக்டர்!" கௌலா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "என் புள்ள செத்துடும்!"

"சினான், நிறுத்தட்டுமா?"

"வேணாம்." மூடிய இமைக்குள் விழிகள் ஓடின. "என் கைமேல இன்னொரு கை இருக்கு. அமுக்குது. மோதிரக் கல்லு என் விரல் முட்டில குத்துது. ரத்தம் வருது. போன வாரமும் இத சொன்னேன்ல?"

"சொன்ன. யாரு கைன்னு இருட்டுல தெரியலன்ன."

சினான் கண்ணைத் திறந்தான். தன் வலது கை விரல் முட்டியில் நகக்கீற்றுபோல வெளுத்துக் கிடந்த தழும்பைத் தடவினான். பிறகு நாற்காலிக் கையைப் பற்றியிருந்த தாயின் கையைப் பார்த்தான். அங்கி முழங்கைக்கு ஏறியிருந்தது. மாவு பிசையும்போதுகூட, வாப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அவள் கழற்றாத நீலக்கல் மோதிரம் இருந்த இடத்தில், வெயில் படாத ஒரு வெள்ளை வளையம் மட்டும் இருந்தது.

கருவி ஓடிக்கொண்டிருந்தது.

"உம்மா, அந்த மோதிரத்த எப்ப கழட்டுன?"