ஒலிபெருக்கியில் வந்த நாய்

புயலடித்து ஏழு மாதம் கழித்து, அதன் நினைவுகளைக் காப்பாற்ற மாத்தளை டவுனிலிருந்து ஒரு வேன் வந்தது. புயலன்று ஆட்களைக் காப்பாற்ற ஒரு வேனும் மேலே ஏறவில்லை, பாதை சரியில்லையாம். நினைவுகளை ஏற்ற மட்டும் அதே பாதை எப்படிச் சரியானதோ பிள்ளைகளா, உங்களுக்கும் எனக்கும் அது விளங்காது.

இறங்கியவர் உருத்திரமூர்த்தி. கந்தோரில் பெரிய பதவி பார்த்து ஓய்வுபெற்றவர். சிங்களப் பரீட்சையில் முதலாம் தரத்தில் தேறியதை மூச்சுக்கு ஒருமுறை சொல்லுவார். இப்போது புயல் நினைவுமலர் போடும் குழுவின் தலைவர். கூடவே, ஒலிப்பதிவுக் கருவியும் கையுமாக அஜந்தா என்ற இளம்பெண்.

ரிவர்ஸ்டன் போகும் வழியில் இருக்கும் அந்தத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் மூன்று காம்பரா வீடுகளை மலை சரிந்து கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய சனம் இன்னமும் கோயில் மண்டபத்தில், மாதா சுரூபத்துக்கு முன்னால் சேலைகளைத் திரையாகக் கட்டிக்கொண்டுதான் குடியிருந்தது.

போன தடவை வந்தபோது, புருஷன் லோரன்சை அந்தச் சரிவில் பறிகொடுத்த கெத்தரினை மூன்று முறை அழவைத்தார்கள். முதல் அழுகைக்கு வெளிச்சம் போதவில்லை. இரண்டாவதில் சேவல் கூவிவிட்டது. மூன்றாவதில் அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. மண்ணில் கிடந்த, யாரோ காலில் போட்ட ஒரு சப்பாத்தை அவள் மடியில் வைத்துப் படமும் பிடித்தார்கள். "இது எங்க வீட்டுக்காரரோடது இல்லீங்க" என்றாள். "படத்தில தெரியாது" என்றார்கள்.

இன்று, எழுதி முடித்ததை வாசித்துக் காட்ட வந்திருந்தார்கள். அதற்குள் பக்கத்துக் காம்பரா ஷெரோமி தன் போனை நீட்டினாள். புயலன்று காலை, வாசலில் ஓடிய வெள்ளத்தைக் கட்டாரிலிருக்கும் புருஷனுக்கு எடுத்தனுப்பிய வீடியோ. உருத்திரமூர்த்திக்கு ஒரே சந்தோஷம்.

"அருமையான படம்! அஜந்தா, இதை எடுத்து வையுங்கோ. பின்னால ஆரோ 'நாய், நாய்' எண்டு மைக்கில கத்துகினம். அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டிப்போடலாம்."

கெத்தரின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "ஒலிபெருக்கியில் விடுக்கப்பட்ட மண்சரிவு எச்சரிக்கையை அசட்டை செய்து இல்லத்திலேயே தங்கியமையால், திரு. லோரன்ஸ் உட்பட நால்வர் உயிர்நீத்தனர்."

"யாருங்க அசட்ட செஞ்சது?"

"அம்மா, நீங்கள் சொன்னதைத்தான் கொஞ்சம் திருத்தமா எழுதியிருக்கிறம்."

"நான் சொன்ன நாய் எங்க?"

"நாய் எண்டு கண்டவுடனேயே அந்தப் பக்கத்தை வெட்டிப்போட்டன். நினைவுமலருக்குள்ள நாய்க்கதை போட்டா சனம் சிரிக்குமெல்லோ?"

அவர் வாசிக்காமல் வெட்டிய பக்கம் இதுதான். சிங்களத்தில் மண்சரிவுக்கு 'நாய யாம' என்று பெயர். அன்று காலை கீழ் ரோட்டில் ஒலிபெருக்கி வண்டியொன்று போனது. தமிழில் ஒரு சொல் இல்லை. அந்த மழையைக் கிழித்துக்கொண்டு லயம்வரை ஏறியது 'நாய... நாய...' மட்டும்தான். முந்திய வாரந்தான், நாய்களுக்கு ஊசி போட வருவதாக இப்படியொரு வண்டி கத்திக்கொண்டு போயிருந்தது. லோரன்ஸ் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காம்பராவாகப் போனார்.

"நாய்ங்கள கட்டிப் போடுங்க, ஊசி போட வாராங்க!"

"இந்த மழையிலயா அண்ணே?" என்றாள் ஷெரோமி.

"கவர்மென்ட் வேல புள்ள, மழைக்கு நிக்குமா?"

பிறகு, வாசலைத் தாண்டி ஓடப்பார்த்த தன் நாய் டைகரை இழுத்துவந்து கட்டில் காலில் கட்டினார். நெருப்புப்பெட்டி வாங்க ஷெரோமியிடம் போயிருந்த கெத்தரின் திரும்பியபோது, திரும்பிப் போக வீடு இல்லை.

லோரன்சின் உடம்பு கிடைக்கவில்லை. அதனால் கல்லறையும் இல்லை. அவர் பெயர் நிற்கப்போவது இந்தப் புத்தகத்தில் மட்டும்தான். அதன் பக்கத்தில் அசட்டை என்ற சொல்லா? கேட்டதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதருக்கா?

"காது குடுத்துக் கேட்டிருந்தா விளங்கியிருக்கும்" என்றார் உருத்திரமூர்த்தி. "மண்சரிவு எண்டு சொன்னது ஆருக்காவது நாய் எண்டு கேக்குமே?"

கெத்தரின் அஜந்தா பக்கம் திரும்பினாள். "மகள், அந்த மெசின் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? சார் வந்ததும் போனப் பாத்து என்னமோ சொன்னாரே, அத போடுங்க."

அஜந்தா தயங்கினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். முதலாம் தரத்தில் தேறிய குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது: 'ஆரோ நாய், நாய் எண்டு மைக்கில கத்துகினம்...'

சேலைத் திரைகளுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அதேதாங்க அந்த வண்டி" என்றாள் கெத்தரின். "நனையாம ஒக்காந்து, பிளேன் டீ குடிச்சிக்கிட்டு கேட்ட உங்களுக்கே நாய்னுதான் கேட்டுச்சு. அப்ப நீங்களும் அசட்டையா?"

உருத்திரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அஜந்தா அவரிடம் கேட்காமலேயே அந்த வரியைக் குறுக்கே வெட்டினாள்.

"சொல்லுங்கோ அம்மா."

"நாய்னு கேட்டுச்சு. கேட்டத லயம் பூரா சொன்னாரு. அம்புட்டுத்தான்."

"வசனத்தைக் கொஞ்சம்..." என்று தொடங்கினார் உருத்திரமூர்த்தி.

"திருத்தாதீங்க சார். நீங்க திருத்தினது போதும்." கெத்தரின் தாளை எட்டிப் பார்த்தாள். "மகள், செத்தவங்க பேருக்குக் கீழ டைகர் பேரையும் போடுங்க. ஓடணும்னு அன்னைக்கு வெளங்குனது அது ஒன்னுக்குத்தான்."