ரேடியோ எடுக்காத லயம்

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு மலை உச்சியில் அரசாங்க வானொலியின் டவர் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பும் பாட்டும் செய்தியும் மூன்று பள்ளத்தாக்குகளுக்குக் கணீரென்று கேட்கும். மலையின் பின்பக்கம், பாறைக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் மேட்டு லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளுக்கு மட்டும் கேட்காது. எஃப்.எம். அலை நேராகத்தான் போகும். பாறையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வராது. அங்கே போனுக்கும் சிக்னல் கிடையாது.

டவரைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் வியாகுலம் பிறந்தது அந்த லயத்தில்தான். அவன் தங்கை டோரீன் இன்னமும் அங்கேயே இருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். லயத்துக்கு மேலே மண் வெடித்திருப்பதை அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மழை நாளில் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருங்கள், எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எடுக்காத ரேடியோவை எப்படிக் கேட்பது என்று அவர்களும் யோசிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வியாகுலம்தான் யோசித்தான். எதிர் மலையில் சின்னதாக ஒரு ரிலே பெட்டி வைத்தால் லயத்துக்கும் கேட்கும் என்று வருடக் கணக்கில் கெஞ்சினான். கடைசியில் கொழும்பிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து கேட்டுப் பார்ப்பதாக முடிவானது.

அவர் லயத்தில் நின்று கேட்கும்போது டிரான்ஸ்மிட்டர் நிற்காமல் ஓட வேண்டும். அதனால் வியாகுலம் உச்சியை விட்டு இறங்கவில்லை. அங்கேதான் காரியம் கெட்டது.

தோட்டத்துப் பழக்கம் ஒன்று இருக்கிறது. யாராவது பெரிய ஆள் வருகிறார் என்றால் சாக்கடைக் கானை வாரி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் பிள்ளை மடுவத்துப் பிள்ளைகளுக்கு முகம் கழுவிப் பவுடர் போட்டு நிறுத்துவார்கள். வந்தவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போய்விடுவார். கான் மறுநாளே பழையபடி நாறும். வெள்ளைக்காரன் காலத்தில் பிடித்த வியாதி, இன்னும் விட்டபாடில்லை.

டோரீனும் வீட்டைக் கூட்டி மெழுகினாள். பிறகு, லயத்தில் வயரிங் வேலை தெரிந்த பிரதாப்பைக் கூப்பிட்டாள். அவன் மேட்டில் நெட்டையாக நின்ற டர்பன்டைன் மரத்தின் உச்சிவரை ஏறி, ஒரு செம்புக் கம்பியைக் கட்டி, அதை அவளுடைய பேட்டரி ரேடியோவில் கொண்டுவந்து மாட்டினான். ரேடியோ பாடியது பாருங்கள், லயமே கைதட்டியது.

இன்ஜினியர் வந்தார், தேத்தண்ணி குடித்தார், பாட்டைக் கேட்டார். அளக்கும் கருவியோடு லயத்தைச் சுற்றிப் புல்லில் நடக்க அட்டைக்கடிப் பயம். கருவி வேனிலேயே கிடந்தது. கீழே தார் ரோட்டுக்குப் போனதும் வியாகுலத்துக்குப் போன் அடித்து, நன்றாகத்தானே கேட்கிறது, எதற்கு இந்த அலைச்சல் என்று சிங்களத்தில் சிரித்தார்.

வியாகுலம் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தான். கம்பியைப் பார்த்ததும் புரிந்துபோனது.

"ஏன்டி இப்புடி செஞ்ச?"

"என்னாண்ணே, வந்த மனுசன் முன்னால கொரகொரன்னா ஒனக்குத்தானே கேவலம்? டவர்ல வேல செய்றவன் தங்கச்சி வீட்லயே ரேடியோ எடுக்கலன்னு சொல்ல மாட்டாங்களா?"

"அதக் காட்டத்தான்டி அந்தாள வரச் சொன்னேன்!"

டோரீனின் முகம் செத்துப்போனது. அவளைத் திட்டி என்ன பயன்? அவளுக்கு அண்ணன் மேல் அவ்வளவு பெருமை. ரோட்டுக்கு இறங்கிக் கொழும்புக்குப் போனில் பேசிப் பார்த்தான். ரிப்போர்ட் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வைத்துவிட்டார்கள்.

"சரி, கம்பியாவது இருக்கட்டும்," என்றான் திரும்பி வந்து தங்கையிடம். "ஆனா இடி இடிச்சா ஒடனே கழட்டிப் போட்டுறணும். மரத்துல விழுந்தா நேரா வீட்டுக்குள்ள வந்துரும்." எந்த டெக்னீஷியனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் எச்சரிக்கை வந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மண்சரிவு அபாயம், உடனே வெளியேறுங்கள் என்று அறிவிப்பாளர் தமிழில் சொல்வதை வியாகுலம் ஒலிபெருக்கியில் கேட்டான். டிரான்ஸ்மிட்டரின் பவர் முள் ஆடாமல் நின்றது. அவனுக்கு நெஞ்சு லேசானது.

"எந்தங்கச்சி கேட்டிருக்கும். இந்நேரம் கெளம்பியிருப்பாங்க," என்றான் காவலாளி சின்னத்தம்பியிடம்.

ஜன்னலில் மின்னல் வெட்டியது. அடுத்த நொடி விழுந்த இடியில் அறையே அதிர்ந்தது. வியாகுலத்துக்குத் தான் சொன்னது ஞாபகம் வந்தது.

"ஜெனரேட்டர நிப்பாட்டிறாதீங்க!" என்று கத்திவிட்டுக் குறுக்குப் பாதையில் ஓடினான்.

டர்பன்டைன் மரம் அப்படியே நின்றது. லயத்தில் பாதியைக் காணவில்லை. பிரதாப் இடுப்பளவு சேற்றில் நின்று மண்ணை வெட்டிக்கொண்டிருந்தான். வியாகுலத்தைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

"அண்ணே, மொத இடியிலேயே அக்கா என்னையக் கூப்புட்டு கம்பிய கழட்டச் சொன்னாங்க. நீங்க சொன்னீங்களாம்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "வாங்க, பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம்னேன். கம்பி இல்லாட்டியும் ஆபத்துன்னா அண்ணன் எப்புடியாவது ரேடியோல சொல்ல வச்சிரும், அப்ப போவோம்னு ரேடியோவ மடியில வச்சிக்கிட்டு உள்ளயே ஒக்காந்துட்டாங்க."

வியாகுலம் மண்வெட்டி தேடவில்லை. கையாலேயே தோண்டினான். மலை உச்சியில் அவனுடைய டவர் அந்த எச்சரிக்கையை மூன்று பள்ளத்தாக்குகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.