நந்து என்று ஒரு குரல்

...நிற்பதும் வேலைதான், அதற்கும் சம்பளம் உண்டு, பி.எஃப். கூட உண்டு, என்று கௌஸ் மொய்தீன் மனசுக்குள் யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தான், எதிரே ஆள் யாரும் இல்லை, பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது, கோல் காக்கும் கோலியையும் அவனையும் விட்டுவிட்டு கம்பெனி டீம் மொத்தமும் பந்தோடு போய்விட்டது, பெங்களூர்க்காரர்களின் கோலுக்கு முன்னால் செம்மண் புழுதி எழுந்து அதற்குள்ளிருந்து ஒரு கை, ஒரு முட்டி, ஒரு தலை என்று தவணை முறையில் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் இன்னும் கோல் விழவில்லை. டிரா போதும். டிரா ஆனால் லீக்கில் மேல் டிவிஷன், டீம் பிழைக்கும், தோற்றால் டீமைக் கலைத்துவிடுவதாக மேனேஜ்மெண்ட் சொல்லிவிட்டது, பெர்மனெண்ட் ஆசாமிகள் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புக்குப் போகவேண்டியது, காண்ட்ராக்ட் ஆசாமிகள் ஊருக்குப் போகவேண்டியது. கௌஸ் பெர்மனெண்ட். அவனுக்குப் பின்னால் கோலில் நிற்கும் திம்மராயன் காண்ட்ராக்ட். இத்தனை பெரிய சமாச்சாரம் தலைக்கு மேல் தொங்கும்போது தூக்கம் வருமா ஒரு மனுஷனுக்கு... வந்தது. ஓசூர் மூக்கண்டப்பள்ளி வெயிலில், தூரத்துத் தொழிற்பேட்டையின் பிரஸ் சத்தம் தம் தம் என்று நிலத்தின் வழியாகவே பாதத்தில் ஏற, நின்றபடி கண் சொக்கியது.

பேக் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டு எவனும் பிறப்பதில்லை, கிருஷ்ணகிரி பள்ளிக்கூடத்தில் அவனும் ஃபார்வர்டாகத்தான் ஆரம்பித்தான், ஓடச் சொன்னால் யோசிக்கிறான் என்று டிரில் மாஸ்டர் ஒரு வரிசை பின்னால் தள்ளினார், அங்கேயும் யோசித்தான், இன்னொரு வரிசை, அப்படியே பின்னால் பின்னால் போய் கோலுக்கு முந்தின இடத்தில் அவன் யோசனைக்குத் தோதாக ஓர் இடம் அமைந்தது, அதற்கு ஸ்டாப்பர் பேக் என்று பெயரும் இருந்தது. மாங்காய் மண்டி வைத்திருந்த அத்தா சாந்த் பாஷா, பந்து உதைத்து எவன்டா சோறு போடுவான் என்றார், பந்தை உதைக்கிறதில்லை அத்தா, வந்தால் தடுக்கிறது, என்று இவன் சொன்னதில் அவருக்கு இன்னும் கவலை கூடியது. பிறகு ஓசூரில் பேட்டை வந்தது, கம்பெனிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது, ஆட்களுக்குள் டீமும் வேண்டியிருந்தது. இன்டர்வியூவில் என்ன மிஷின் தெரியும் என்று கேட்டார்கள், இடது கால் என்றான், அப்பாயிண்ட்மெண்ட் கொடுத்துவிட்டார்கள். அவன் பெயரில் பிரஸ் ஷாப்பில் ஒரு மிஷின் நிஜமாகவே இருக்கிறது, ஆயுத பூஜை அன்று மட்டும் போய்ப் பார்ப்பான், அதற்குச் சந்தனம் பூசியிருக்கும், இவனுக்குப் பொரி கடலை தருவார்கள், சௌக்கியமா என்பதுபோல் ரெண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பேப்பரில் கோல் போட்டவன் பெயர்தான் வரும், தடுத்தவன் பெயர் வராது, கௌஸ் மொய்தீன் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது, சேம் சைடு கோல். அத்தா அதையும் வெட்டி மண்டியில் ஒட்டிவைத்தார், ஒட்டும்போது யாரிடமும் விவரம் கேட்கவில்லை.

காலையில் பெண்டாட்டி முனவர் பேகம் என்ன கேட்டாள்... கல்யாணமான புதிதில் ஒரே ஒரு மேட்ச் பார்க்க வந்தாள், ஏங்க, எல்லாரும் அந்தப் பக்கம் ஓடறப்ப நீங்க மட்டும் ஏன் இங்கயே நிக்கிறீங்க என்றாள், அதுதான் என் வேலை என்றதற்கு, காவலா என்றாள், அவள் தாய்வீட்டில் இன்றுவரை மாப்பிள்ளை கம்பெனியில் செக்யூரிட்டி என்றுதான் பேச்சு. சாயங்காலமானால் பிராக்டீஸ், லீவு நாளில் மேட்ச், மற்ற நாளில் டூர், வீட்டுக்கு வந்தால் முட்டிக்கு உப்பு ஒத்தடம். இன்றைக்குக் காலையில் டிபனை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், “இன்னிக்கி தோத்துட்டா, நீங்களும் சாயங்காலத்துல வீட்டுக்கு வர்ற ஆளா ஆயிருவீங்களா?” என்றாள். பயந்து கேட்டாளா, ஆசையாகக் கேட்டாளா? இட்லியைப் பிட்டபடி அவள் குரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. சானமாவுக் காட்டில் ஒருதடவை டீம் வேனை நிறுத்திவிட்டார்கள், யானைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன, குட்டியும் தாயுமாக எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை ஒன்று மட்டும் வேனைப் பார்த்தபடி ரோட்டின் நடுவில் நின்றது, அண்ணா, உங்க பொசிஷன் என்றான் திம்மராயன், வேனே சிரித்தது, கௌஸும் சிரித்தான். எல்லாம் போன பிறகும் அந்த யானை கொஞ்ச நேரம் நின்றது, போகலாம் என்று அதற்கு யார் சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை, அந்த யானையை நினைத்தால் இப்போதும் கால் கனக்கிறது...

இந்தத் திம்மராயன் தளிப் பக்கத்துக் கன்னடக்காரன், சேர்ந்த முதல் வாரம் உயரமாக ஒரு பந்து வந்தபோது பின்னாலிருந்து நந்து நந்து என்று கத்தினான், கௌஸ் குனிந்து நண்டு எங்கே என்று தரையைப் பார்த்தான், அதற்குள் ரெண்டு பேரும் மோதிக்கொண்டு விழுந்தார்கள். நந்து என்றால் என்னுது என்று அர்த்தமாம். கோலி என்னுது என்றால் பேக் விட்டுவிட வேண்டும், அதுதான் முறை. அன்றிலிருந்து நந்து என்ற சத்தம் காதில் விழுந்தால் போதும், மூளைக்குத் தகவல் போகும் முன்பே அவன் கால் நின்றுவிடும். இத்தனை வருஷ ஆட்டத்தில் எந்த பாஷையிலும் என்னுது என்று அவன் ஒருதடவைகூடக் கத்தினதில்லை, அவனுக்கு வாய்த்தது விடு, விட்டுரு, போகட்டும் இந்த ரகம்தான், பந்திலும் சரி, பந்தியிலும் சரி. இன்றைக்கு எதிர்டீம் முழுக்கக் கன்னடம் என்பதால், தெலுங்குக்காரரான கோச் ராமப்பன், எல்லோரையும் உட்காரவைத்து, அவனுங்க நந்துன்னு கத்தினா நம்ம கௌஸு மரியாதையா வழிவிட்டுருவான், அதனால இன்னிக்கி ஒரு நாள் தமிழ்ல கத்துங்கப்பா என்றார். திம்மராயன் என்னுது என்னுது என்று கோல் கம்பத்திடம் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டான், பாவம், முதல் எழுத்திலேயே நாக்கு சறுக்கியது.

பந்து வந்துவிட்டது. எப்படி வந்தது என்று பார்க்கவில்லை, புழுதிக்குள்ளிருந்து யாரோ நீளமாக உதைத்திருக்க வேண்டும், மேலே மேலே போய் வெயிலில் கரைந்து, பகல் நிலா மாதிரி ஒரு வெளுத்த வட்டமாகத் தொங்கி, பிறகு இறங்கத் தொடங்கியது, நிதானமாக, விலாசம் விசாரித்துக்கொண்டு வருகிற விருந்தாளிபோல. பெங்களூர் ஃபார்வர்ட் ஒருவன் மூச்சு வாங்க ஓடி வருகிறான், தூரத்தில்தான் இருக்கிறான். கௌஸ் நாலு எட்டு வைத்துத் தலையால் தட்டினால் முடிந்தது, எத்தனை ஆயிரம் தட்டியிருப்பான், தூங்கிக்கொண்டே தட்டுவான். இரண்டு எட்டு வைத்தான். அப்போது கேட்டது, நந்து. கனவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, பக்கத்திலா தூரத்திலா என்று தெரியாமல், ஆனால் தெளிவாக, நந்து... கால் நின்றது. உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியது, சுமையை இறக்கி வைத்தபிறகும் தலை லேசாக ஆடுமே, அப்படி. பந்து அவனுக்கு முன்னால் விழுந்து, துள்ளி, அவனைத் தாண்டிப் போனது, ஃபார்வர்ட் வந்தான், கோலுக்குள்ளேயே நின்றுவிட்ட திம்மராயனுக்குப் பக்கவாட்டில் தட்டினான், வலை இல்லாத கோல், பந்து பாட்டுக்கு ரோடுவரை போய் நின்றது.

பிறகு விசில், பிறகு இன்னொரு விசில், அதோடு எல்லாம் முடிந்தது. ராமப்பன் உள்ளே வந்து தலையில் கை வைத்துக்கொண்டு, தமிழ்ல கத்துடான்னா பழக்கதோஷத்துல கன்னடத்துல கத்திட்டியேடா என்று திம்மராயனைக் கேட்டார், அவன் நான் வாயே திறக்கலைங்க சார் என்றான். அந்த ஃபார்வர்ட் நல்ல பையன், அவனும் வந்து, தொண்டையைக் கிள்ளிக் காட்டி, நான் கத்தவில்லை, தாயாணை, உங்கள் ஆள்தான் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனான். கடைசியில் பாஷைக் கோளாறு என்று முடிவாயிற்று, ஓசூரில் எந்தத் தப்பையும் அதன்மேல் போடலாம், தாங்கும். கௌஸை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நந்து என்றால் அவன் நிற்பான் என்பது ஊருக்கே தெரியும். திம்மராயன் மட்டும் அவனிடம் வந்தான், கண் கலங்கி இருந்தது, நாளைக்குக் கிளம்ப வேண்டியவன், கோபமாகக்கூட இல்லை, ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி மெதுவாக, “நான் வெளிய வரத்தான் பார்த்தேண்ணா,” என்றான். “நீங்க கத்துனீங்களேன்னுதான் நின்னுட்டேன்.”

நானா, கன்னடத்திலா, போடா, என்று சொல்ல வாயெடுத்தான் கௌஸ், சொல் வரவில்லை, தொண்டை காய்ந்து எரிந்தது, எச்சிலை விழுங்கினால் கரகரவென்று வலித்தது, மேட்ச் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவனுக்கு எதற்காகத் தொண்டை கட்ட வேண்டும்? சரி, நானாகவே இருக்கட்டும், கத்தினவன் ஏன் எடுக்கவில்லை, எடுக்காதவன் எதைப் பார்த்து என்னுது என்றான்... பந்தைப் பார்த்துத்தானே? கண்ணை மூடி அந்த இடத்துக்குத் திரும்பப் போனான், இரண்டு எட்டு, வெயில், அந்தச் சத்தம். பந்து மேலே எங்கேயோ இருந்தது, அவன் பார்வை அதில் இல்லை, கோட்டுக்கு அந்தப்புறம் ரோட்டில் இருந்தது, அங்கே ஷிஃப்ட் விட்டு நாலைந்து பேர், சட்டையில் எண்ணெய்க் கறையோடு, டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத எதற்கோ சிரித்தபடி, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.