அந்தப் பெண் பேசியது

ஹட்டனில் மஃறூப் முதலாளி நடத்திவந்த படக் கொட்டகையில் அந்த ஞாயிற்றுக்கிழமை போட வேண்டிய தமிழ்ப் படம் வந்து சேரவில்லை. ரயிலில் வந்த தகரப் பெட்டிகளை ஆப்பரேட்டர் ரிஸ்வி திறந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. உள்ளே இருந்தது வேறு ஏதோ தேசத்துப் படம். நுவரெலியாப் பக்கம் துரைமார் கிளப் ஒன்றில் காட்டுவதற்காகக் கொழும்பிலிருந்து அனுப்பியது. வழியில் எங்கேயோ பெட்டிகள் மாறிவிட்டன.

அதற்குள் கொட்டகை நிறைந்துவிட்டது. வெளியே மழை வேறு. "இவ்வளவு சனத்தைத் திருப்பி அனுப்ப ஏலாது ரிஸ்வி, இதையே போடு" என்று சொல்லிவிட்டு முதலாளி குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போனார்.

அம்மாக்கண்ணுவும் அவள் புருசன் கந்தப்பனும் பெஞ்சு வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவள் கொழுந்து எடுக்கிறவள். அவன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மகள் போன பிறகு அவள் மலைக்கும் லயத்து வீட்டுக்குமாக மட்டும் நடந்துகொண்டிருந்தாள். ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று கந்தப்பன்தான் கெஞ்சிக் கூத்தாடி பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தான். சிரிப்புப் படமாம், நல்ல பாட்டெல்லாம் இருக்காம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

படம் தொடங்கியது. பாட்டு இல்லை. பனி கொட்டிக் கிடந்த ஒரு ஊர். குளிருக்குத் தலையில் துணி கட்டிய ஒரு பெண் அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினாள். சீவிக்கொண்டே இருந்தாள். கிழங்கு முழுக்கச் சீவி முடியும் வரை படம் அவளை விட்டு நகரவில்லை. பின்னால் ஏதோ ஒரு வாத்தியம், ஒற்றைக் கம்பியை ஈரக் கையால் தேய்த்தது போல இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. தாளம் என்று ஒன்றும் இல்லை.

"என்னாண்ணே, மெசின் கெட்டுப் போச்சா?" என்று யாரோ கேட்டார்கள். கொட்டகையே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு சத்தமாக மாறியது. தகரச் சுவரைத் தட்டினார்கள். விசில் அடித்தார்கள். மழை விட்டதும் கூட்டம் கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள். கந்தப்பனும் எழுந்தான்.

"வா கண்ணு, டீ குடிச்சிட்டுப் போவோம். இது என்னா கண்றாவியோ."

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

அவன் நின்று பார்த்தான். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சரி, காலாற உட்கார்ந்திருக்கட்டும் என்று அவன் போய்விட்டான்.

அவளுக்கு அந்தப் படம் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் கிழங்கு சீவியதைப் பார்க்க அவளுக்கு ஒருவித அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். யாரும் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை. அந்தத் தேய்ப்பு ஓசை கூட மற்றவர்களுக்கு இருந்ததைப் போல அவளுக்குக் கரகரப்பாக இல்லை. மலையில் தனியாக நிற்கும்போது உள்ளுக்குள் ஓடும் ஒரு சத்தம் போல இருந்தது.

பிறகு படத்தில் அந்தப் பெண்ணின் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. வண்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள். அடுத்தபடி அவள் ஒரு நீளமான தாழ்வாரத்தில் நடந்து போனாள். இரண்டு பக்கமும் கட்டில்கள். ஒரு கட்டிலருகே நின்றாள். அதில் வேறொரு பிள்ளை படுத்திருந்தது.

அம்மாக்கண்ணு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய மகள் சண்முகவடிவுக்கும் காய்ச்சல்தான். போன வருசம் பெருமழைக் காலம். தோட்டத்து லொறியில் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். கூட இருக்க விடவில்லை, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். மண் சரிந்து ரோடு மூடிக்கொண்டதால் மறுநாள் போக முடியவில்லை. ரோடு திறந்து போய்ச் சேர்ந்தபோது அந்தக் கட்டிலில் வேறு பிள்ளை. யாரும் வராததால் ஆஸ்பத்திரிக்காரர்களே அடக்கம் செய்துவிட்டதாக ஒரு நர்ஸ் சிங்களத்தில் சொன்னாள். அதைக் கந்தப்பன் தமிழில் சொன்னான். அம்மாக்கண்ணு வாயே திறக்கவில்லை. எங்கே என்று கூடக் கேட்கவில்லை. பிள்ளைக்காகக் கொண்டுபோன பாலை அந்தக் கட்டிலடியிலேயே வைத்துவிட்டு அவன் பின்னால் நடந்து வந்துவிட்டாள்.

திரையில் இருந்தவள் அப்படித் திரும்பி வந்துவிடவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி அதிகாரியிடம் போனாள். பேசினாள். அழவில்லை, கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. ஒரே சீராக, வெகுநேரம் பேசினாள். கேட்கக் கேட்க அந்த ஆள் தலையைக் குனிந்தான். பிறகு எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். அவள் பேசி முடித்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

படம் முடிந்தபோது கொட்டகையில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். அம்மாக்கண்ணு பின்பக்கத்து மரப்படியில் ஏறிப் போய் மெசின் அறைக் கதவைத் தட்டினாள். ரிஸ்வி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பிள்ளை குட்டிக்காரன், சாந்தமான ஆள். படம் பிடிக்கவில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறாளோ என்று நினைத்தான்.

"அண்ணே, அந்தப் பொம்பள ஆஸ்பத்திரியில என்னா பேசுனா?"

"எந்தப் பொம்பள?"

"அந்த மேசக்காரன்கிட்ட. ரொம்ப நேரம் பேசுனாளே."

"எனக்கு எங்க தங்கச்சி தெரியும்? நான் ரீலைப் பார்ப்பேனா, படத்தைப் பார்ப்பேனா?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தணிந்தான். "கீழ இங்கிலீஸ்ல எழுத்து ஓடுச்சு. மெதுவா ஓடினா நான் வாசிப்பேன்."

"இன்னொருக்கா ஓட்டுவீங்களா?"

முதலாளி ஸ்டேஷனிலிருந்து வரவில்லை. சாயந்தரக் காட்சியும் இல்லை என்று ஆகிவிட்டது. ரிஸ்வி யோசித்தான். பிறகு ஒரு பெட்டியிலிருந்து ரீலை எடுத்து மாட்டினான். அந்த நேரத்தில் கந்தப்பன் அவளைத் தேடிக்கொண்டு படியேறி வந்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. மூன்று பேரும் மெசின் அறையின் சின்னத் துவாரங்கள் வழியாகக் காலியான கொட்டகையையும் திரையையும் பார்த்தார்கள்.

தாழ்வாரம் வந்தது. கட்டில் வந்தது. கந்தப்பனின் மூச்சு மாறியதை அம்மாக்கண்ணு கேட்டாள். அவன் துவாரத்தை விட்டுத் தலையை எடுக்கவில்லை. அந்தப் பெண் மேசைக்குப் போய்ப் பேசத் தொடங்கினாள். கீழே வெள்ளை எழுத்து வந்தது.

"என் மகன் எங்கே, என்று கேக்கிறா" என்றான் ரிஸ்வி.

அவள் காத்திருந்தாள். திரையில் அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். எழுத்து மறைந்துவிட்டது. வேறு எழுத்து வரவில்லை. அந்த ஆள் தலைகுனிந்தான், எழுந்தான், தொப்பியைக் கழற்றினான்.

"இவ்வளவுதானாண்ணே?"

"ஒரு வரிதான் போட்டிருக்கிறான் தங்கச்சி. மிச்சத்தை விட்டுட்டான்."

"அதக் கேக்க இம்புட்டு நேரமா ஆகும்? அவ வேற என்னமோ சொல்றாண்ணே."

ரிஸ்விக்கும் அது தெரிந்தது. அந்தப் பாஷை தெரிந்த யாரையாவது கேட்கலாம் என்றால் ஹட்டனில் யார் இருக்கிறார்கள்? அது எந்த தேசத்துப் பாஷை என்பதே அவனுக்குத் தெரியாது. மெசினை நிறுத்தினான். மறுநாள் காலை கிளப்புக்காரர்களின் கார் வந்து பெட்டிகளை எடுத்துப் போய்விடும் என்று மட்டும் சொன்னான்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது கந்தப்பன் கேட்டான்: "அவ என்னா சொல்லியிருப்பான்னு நெனைக்கிற?"

"தெரிஞ்சா நான் ஏன் அந்தண்ணனப் போய்க் கேக்குறேன்?"

கொஞ்ச தூரம் போன பிறகு அவளே சொன்னாள்: "அந்தாளு எந்திரிச்சு நின்னான் பாத்தீங்களா? நாம நின்னப்ப யாருமே எந்திரிக்கல."

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த நினைப்பை விட முடியவில்லை. மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற ராக்காயியிடம் அந்தப் படத்தைச் சொல்லிப் பார்த்தாள். "பாட்டு இல்லாத படத்தையாடி இப்படிப் பேசுற?" என்று ராக்காயி சிரித்தாள். அம்மாக்கண்ணு பிறகு யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் ஒரு பேச்சைக் கூட்டிப் பார்த்தாள். முதல் வரி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் போய் நின்றால் தானாக வரும் என்று அவளுக்குத் தோன்றியது.

தோட்டத்தில் வேலை குறைந்திருந்த ஒரு கிழமையில் இரண்டு பேரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்காமல் ரயிலேறிக் கீழே போனார்கள். ஆஸ்பத்திரியில் மேசை இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு இளவயசு கிளாக்கர் இருந்தார். தொப்பி எதுவும் போட்டிருக்கவில்லை.

"மொகத ஓனே?" என்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார்.

அம்மாக்கண்ணு நிமிர்ந்து நின்றாள். "எம் புள்ள எங்க?" என்றாள்.

கிளாக்கர் கந்தப்பனைப் பார்த்தார். அவன் சிங்களத்தில் சொன்னான். அம்மாக்கண்ணு வாயைத் திறந்தபடி நின்றாள். இனி வர வேண்டியது வரட்டும் என்று காத்திருந்தாள். அடுத்த வரி வரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். கிளாக்கர் கெட்ட மனுசர் இல்லை. தான் இங்கு வந்தே கொஞ்ச காலம்தான் என்று சொல்லி, அங்கே வேலை செய்த ஒரு வயசாளியைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டச் சொன்னார்.

அவர் அவர்களைக் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். மானா புல் மண்டிய ஒரு சரிவு. ஒரு பக்கத்தை நர்ஸ்மார் விடுதி கட்டுவதற்காக வெட்டி மண்ணை அள்ளியிருந்தார்கள். யாரும் கேட்டு வராதவர்களை இந்தச் சரிவில்தான் அடக்குவது என்று சொன்னார். எந்த இடம் என்று கந்தப்பன் கேட்டான். அவர் கையை இங்கிருந்து அங்கே வரைக்கும் வீசிக் காட்டினார். வெட்டின பக்கமா, வெட்டாத பக்கமா என்று கந்தப்பன் மறுபடி கேட்டான். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார்.

இரண்டு பேரும் நின்றார்கள். அம்மாக்கண்ணு புல்லைப் பார்த்தாள், வெட்டின மண்ணைப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பிப் பேசுவது என்று தெரியவில்லை. படத்தில் அந்தப் பெண்ணுக்கு எதிரில் ஒரு ஆளாவது இருந்தான்.

"வடிவு" என்று கந்தப்பன் கூப்பிட்டான். சாப்பிடக் கூப்பிடுகிற குரல். அவன் அந்தப் பேரைச் சொல்லி அவள் ஒரு வருசமாகக் கேட்டதில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டான். பிறகு குந்தி உட்கார்ந்து முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான். அவள் அவன் முதுகில் கையை வைத்தாள்.  மழை பெரிதாக வந்ததும் எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

ரயிலில் கூட்டம். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் வட்டகொடைக்குப் போகிறவள். இவர்கள் நனைந்திருந்ததைப் பார்த்து, "எங்கேருந்து வாறீங்க?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து" என்றாள் அம்மாக்கண்ணு.

"யாருக்கு மேலுக்கு முடியல?"

"மகளுக்கு."

"அய்யோ பாவமே. இப்ப எப்பிடி இருக்கு?"

அம்மாக்கண்ணு கந்தப்பனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான்.

"தெரியல" என்றாள்.

 அந்த அம்மாள் தன் மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மாக்கண்ணு கால் நீட்ட இடம் விட்டாள்.